ஒரு கையால் தள்ளிய கப்பல்

ஒரு லட்சம் டன் எடையுள்ள அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலை நான் ஒருமுறை ஒரே கையால் தள்ளி நகர்த்தியிருக்கிறேன். இன்னொரு கையில் பன்றி இறைச்சி வைத்த பன் இருந்தது. பன்னை நான் கீழே வைக்கவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நார்ஃபோக்கில் கோடைதோறும் எங்கள் கப்பல்காரர்கள் கூடுகிற நண்டு விருந்தில் இதைச் சொல்லாமல் நான் வீடு திரும்பியதில்லை. நீள மேஜையில் செய்தித்தாள் விரித்து, நடுவில் மசாலா அப்பிய நண்டுகளை மலையாகக் கொட்டி, ஆளுக்கொரு மரச்சுத்தியலைக் கொடுத்துவிடுவார்கள். நான் வாயைத் திறந்ததும் எல்லோரும் சுத்தியலால் மேஜையைத் தட்டி ஆரவாரம் செய்வார்கள். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவர்களுக்கே இது தங்கள் வீட்டுக் கதை மாதிரி ஆகிவிட்டது. நம்பாத ஆள் ஒருவர்தான். அவரைத்தான் நான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"பன் மட்டும் நிஜம்," என்றாள் ரோவீனா இந்த வருஷமும், நண்டுக் காலை உடைத்துக்கொண்டே. "சட்டையில கடுகுக் கறை இருந்துச்சு. மத்ததெல்லாம் இவன் விடுற வெறும் நீராவி."

"ஆவி விடுறதுதானே எங்க தொழிலே!" என்றேன்.

அதுவும் உண்மைதான். அணுசக்திக் கப்பல் என்றதும், உள்ளே ஏதோ மின்னலைப் பிடித்து வண்டியில் பூட்டியிருக்கிறோம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நாங்கள் வெந்நீர் போடுகிற ஆட்கள், அவ்வளவுதான். கப்பலின் அடிவயிற்றில் யானைகள் குடும்பத்தோடு குடியிருக்கும் அளவுக்கு ஒரு இரும்புப் பானை, ரியாக்டர் என்று பெயர். அதற்குள் அணுக்கள் பிளந்து பிளந்து சூட்டைக் கக்கும். புகை கிடையாது, சாம்பல் கிடையாது. பானைக்குள் ஓடுகிற தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும். அழுத்தம் அதிகம் என்பதால் அந்தத் தண்ணீருக்குக் கொதிக்கக்கூட அனுமதி இல்லை. அது குழாய்க்குள்ளேயே போகும். குழாய்க்கு வெளியே வேறொரு தண்ணீர் நிற்கும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி இரண்டும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் இருக்கும், ஒன்றையொன்று தொடாது. சூடு மட்டும் சுவரைத் தாண்டிப் போகும். வெளியே நிற்கிற தண்ணீர்தான் கொதித்து நீராவியாகி, டர்பைன் தகடுகளை அறைந்து சுழற்றும். டர்பைன் பைத்தியம் பிடித்த வேகத்தில் சுற்றுவதால், நடுவில் வீட்டளவு பற்சக்கரங்கள் நின்று அதை அடக்கி, ஒரு தெருவின் நீளமுள்ள தண்டைத் திருப்பும். தண்டின் கோடியில், தண்ணீருக்குள் சுற்றிக் கப்பலைத் தள்ளுகிற ப்ரொப்பல்லர். வேலை முடித்த நீராவியைக் கடல்தண்ணீர் ஓடும் குழாய்களால் குளிர்வித்து, மறுபடியும் தண்ணீராக்கிக் கொதிக்க அனுப்பிவிடுவோம்.

ஒருமுறை எரிபொருள் வைத்துவிட்டால் இருபது வருஷத்துக்கு மேல் கவலையில்லை. எங்களோடு வருகிற சின்னக் கப்பல்கள் இரண்டு நாளைக்கொருமுறை எண்ணெய் எண்ணெய் என்று அழும். எங்களுக்குத் தீர்ந்துபோவது ஐஸ்கிரீம் ஒன்றுதான்.

எங்கள் கப்பலை நாங்கள் அம்மணி என்றுதான் கூப்பிடுவோம். நிஜப் பெயர் வேறு. அதைச் சொன்னால் கடற்படைக்காரர்கள் எனக்கு அனுப்பும் பிறந்தநாள் வாழ்த்தை நிறுத்திவிடுவார்கள். (அப்படி எதுவும் அனுப்புவதில்லை. ஆனாலும் எதற்கு வம்பு.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரோவீனாவுக்கு மோதிரம் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவன், ஏழு மாதமாகத் திரும்பவில்லை. ஸ்பெயினில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நின்றபோது அவளுக்கு ஃபோன் போட்டேன்.

எங்கள் இயந்திர அறையில் ஒரு பழக்கம் உண்டு. மேலே இருப்பவர் ஓர் உத்தரவு சொன்னால், கேட்டவன் அதையே வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லவேண்டும். "இரண்டாம் வால்வைத் திற." "இரண்டாம் வால்வைத் திற, சரி." அப்போதுதான் காதில் சரியாக விழுந்தது என்று அர்த்தம். வருஷக்கணக்கில் அப்படியே பேசிப் பேசி, சாப்பாட்டு மேஜையில் உப்பைக் கேட்டாலும் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்போம்.

"லெம், கேளு," என்றாள் ரோவீனா ஃபோனில். "ஒவ்வொரு தடவையும் எல்லாப் பயலும் எறங்கிப் போயிடுறான். நீ மட்டும் கடைசியா, எண்ணெய் நாத்தத்தோட வர்ற. இந்தத் தடவை சாயங்காலம் கொடி எறக்குற வரைக்கும்தான் நிப்பேன். நீ வரலன்னா மோதிரத்தக் காவல்காரன்கிட்டக் குடுத்துட்டு, ரோனோக்குக்கு அக்கா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன்."

"கொடி எறக்குற வரைக்கும் நிப்ப. நான் வரலன்னா மோதிரம் காவல்காரன்கிட்ட. அப்புறம் ரோனோக்குக்கு பஸ். சரி," என்றேன்.



"சரியா?" என்றாள் மெதுவாக.

"சரி."

ஃபோன் வைக்கப்பட்டது. கப்பலுக்குத் திரும்பிப் பாதி தூரம் நடந்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. மறுபடி ஓடிப்போய் ஃபோன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை.

நார்ஃபோக் வந்து சேர்ந்த நாள் ஊரே துறைமுகத்தில் கூடியிருந்தது. வெள்ளைச் சீருடையில் பையன்கள் மேல்தளத்தின் ஓரம் முழுக்க வரிசையாக நிற்க, கீழே பேனர்களும் பலூன்களும் பாண்டு வாத்தியமும் தூள் பறந்தன. இழுவைப் படகுகள் அம்மணியைத் தள்ளிக் கரையோடு ஒட்டின. கயிறு கட்டினார்கள். கப்பல் கடலில் இருந்தபோது யாருக்குக் குழந்தை பிறந்ததோ அந்த அப்பாக்கள்தான் முதலில் இறங்கவேண்டும். அது மாற்றமுடியாத வழக்கம். அட்மிரலே ஆனாலும் அவர்களுக்குப் பின்னால்தான்.

என் கூட்டாளி ட்ராஸ்க்குக்கு இரட்டைப் பெண்கள் பிறந்திருந்தார்கள். அன்று இயந்திர அறையில் அவனும் நானும் சேர்ந்து பணியில் இருக்கவேண்டும். அவன் இறங்கிப்போனான். என் கணக்குப்படி நானும் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம்.

அப்போதுதான் மோட்டார் கருகியது.

இதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீராவியை நிறுத்தியவுடன் டர்பைனை அப்படியே விட்டுவிட முடியாது. சூடான இரும்புத்தண்டு அசையாமல் கிடந்தால், லேசாக வளைந்துவிடும். முடியளவு வளைந்தாலே போதும், அடுத்தமுறை ஓட்டும்போது கப்பலே பல் கிட்டிப்போய் நடுங்கும். அதனால் நெருப்பில் வாட்டுகிற கறியைத் திருப்பிக்கொண்டே இருப்பதுபோல, ஆறும்வரை அதை மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்கென்று ஒரு சின்ன மோட்டார் உண்டு. எங்கள் தண்டின் மோட்டார் அன்றைக்கென்று பார்த்துப் புகைவிட்டுச் செத்தது.

எங்கள் சீஃப் பெயர் ஸ்டாலிங்ஸ். தொப்பையும் தாடியும் ஒரே அகலம். அவர் பெட்டியிலிருந்து ஒரு நீளக் கைப்பிடியை எடுத்து வந்து, மோட்டாரின் பின்பக்கத்தில் மாட்டினார்.

"லெம், நான் நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் இதச் சுத்து."

"நீங்க நிறுத்துன்னு சொல்ற வரைக்கும் இதச் சுத்துறேன். எப்ப சொல்லுவீங்க, சீஃப்?"

"புது மோட்டார் லாரில வந்துட்டிருக்கு. ஹாம்ப்டன் சுரங்கப்பாதை தாண்டணும்."

உலகத்தில் எந்த எதிரியையும் எங்கள் கடற்படை ஜெயித்துவிடும். ஹாம்ப்டன் சுரங்கப்பாதையின் நெரிசலை ஜெயித்தவன் இன்னும் பிறக்கவில்லை. அன்று போதாக்குறைக்கு, கப்பலிலிருந்து வீடு திரும்புகிற குடும்பங்களெல்லாம் அந்தச் சாலையில்தான்.

"சீஃப், மேல நான் கட்டிக்கப்போற பொண்ணு நிக்கிறா. கொடி எறக்கினா போயிடுவா."

"அப்ப ஒழுங்காச் சுத்து. மத்தவனெல்லாம் ரியாக்டர் பக்கம் மாட்டிக்கிட்டான். ஆள் கெடையாது."

சுற்றினேன். அந்த அறையின் சூடு எப்படி என்றால், சட்டைப்பையில் ஒரு முட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினால், குஞ்சு பொரித்து, வளர்ந்து, வறுபட்டு, மேலே மசாலாவும் தூவிக்கொண்டு வெளியே வரும். நான் கைப்பிடியை வெறி பிடித்தவன் மாதிரி சுற்ற, பற்சக்கரங்கள் அந்த வேகத்தையெல்லாம் விழுங்கிவிட்டு, அந்தப் பக்கம் ப்ரொப்பல்லரை நகம் வளர்கிற வேகத்தில் திருப்பிக்கொண்டிருந்தன. ஆனால் திருப்பின! என்னைவிட நாலு மடங்கு உயரமான வெண்கலம், என் ஒரு கைக்குக் கட்டுப்பட்டு!

"வேகமாச் சுத்தினா வேகமா ஆறுமா, சீஃப்?"

"நீ காதலிக்கிறது இரும்புக்குத் தெரியாதுடா. அது ஆறும்போதுதான் ஆறும்."

இருந்தும் வேகமாகத்தான் சுற்றினேன். மதியம் சமையற்காரன் ஒருவன் மேலே நின்று பன்னைத் தூக்கிப் போட்டான். இடது கையால் பிடித்து, வலது கையால் சுற்றினேன். வலது கை செத்துப்போனதும் பன்னை அதற்கு மாற்றிவிட்டு இடது கையால் சுற்றினேன். மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: கொடி, பஸ், ரோனோக்.

அப்போது சுவரில் இருந்த ஃபோன் அடித்தது. சீஃப் எடுத்தார்.

"ஆமா... ரியாக்டர் எப்பவோ நிறுத்தியாச்சு... என்ஜின் எதுவும் ஓடல... ப்ரொப்பல்லரா? சுத்துது." என்னைத் திரும்பிப் பார்த்தார். "கையால சுத்துது. ஆமா, கையால. ஒரு கையால."

வைத்துவிட்டு என்னைப் பார்த்துத் தாடிக்குள் சிரித்தார்.

"கப்பல் நகருதாம். யாரோ மேல கத்துறாங்களாம்."

இதுதான் என் ஆதாரம். கப்பல் நகர்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் அதைத் தள்ளிக்கொண்டிருந்தவன் நான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

லாரி வந்தது. மோட்டாரை மாட்டினார்கள். சீஃப், "நிறுத்து," என்றார். "நிறுத்துறேன்" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டே ஏணியில் பறந்தேன். மேலே வந்தபோது கொடி பாதிக் கம்பத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகம் காலி. உடைந்த பலூன்கள் தரையில் கிடந்தன. இறங்குபாலத்தின் அடியில் காவல்காரனைத் தவிர ஒரே ஓர் ஆள், மஞ்சள் உடையில், சிமெண்டுத் தரையில் மண்டியிட்டுத் தலை குனிந்து இருந்தாள்.

ரோவீனா! எனக்காக ஜெபம் செய்துகொண்டிருந்தாள்!

நான் எண்ணெய் நாற்றத்தோடும் கடுகுக் கறையோடும் அவள் பக்கத்தில் போய் நானும் மண்டியிட்டேன். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கட்டிக்கொண்டோம். அந்த மாதக் கடைசியில் கல்யாணம். அவள் மண்டியிட்டதை இரண்டு மகள்களின் கல்யாணத்திலும் நான் எழுந்து சொல்லியிருக்கிறேன். எங்கள் பாதிரியார் அதை வைத்து ஒரு பிரசங்கமே செய்தார். மூன்று பேர் அழுதார்கள். (ஒருவர்தான். ஆனால் சத்தமாக.)

இந்த வருஷமும் இதையெல்லாம் சொல்லி முடித்து, எலுமிச்சைச் சாறை ஒரு வாய் குடித்தேன். ட்ராஸ்க் சுத்தியலை ஆட்டினான். "ஏம்ப்பா, கப்பலுக்கு நாலு தண்டு. மத்த மூணும் மோட்டார்ல சுத்திட்டுதானே இருந்துச்சு? அதுங்களுக்கும் ஒரு நன்றி சொல்லேன்."

"அதுங்க கரண்டுக்குச் சுத்துச்சுடா. நான் காதலுக்குச் சுத்தினேன்."

"ஃபோன்ல எவனோ நகருதுன்னு சொன்னா நகர்ந்துடுச்சா?" என்றாள் ரோவீனா. "அல அடிச்சா எந்தப் படகும் ஆடத்தான் செய்யும். எத்தன வருஷமாச் சொல்றேன், கப்பல் நகரல, லெம்."

அப்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு கரகரத்த குரல்: "நகருதுன்னு ஃபோன் பண்ணினது நான்தாங்க."

திரும்பிப் பார்த்தோம். வழுக்கைத் தலை, தட்டு நிறைய சோளக்கதிர், சட்டையில் பெயர் ஒட்டியிருந்தது: ஹாய்ட். அரிசோனாவில் குடியேறிவிட்டாராம், விருந்துக்கு இதுதான் முதல்முறை. அன்றைக்கு இறங்குபாலத்தின் அடியில் காவல் நின்றவர் அவர்தான். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்து வாய் பிளந்து நின்றார்.

"மேடம்! நீங்க அந்த லிப்ஸ்டிக் மேடம்தானே?"

ரோவீனாவின் கையிலிருந்த நண்டு மேஜையில் விழுந்தது. நாற்பது வருஷத்தில் அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"என்ன லிப்ஸ்டிக்?" என்றேன்.

"நீங்க சோளம் சாப்பிடுங்க, சார்," என்றாள் அவள் ஹாய்ட்டிடம்.

ஆனால் ஹாய்ட் கதை சொல்ல வந்த ஆள், எங்கள் இனம். ட்ராஸ்க் நகர்ந்து இடம் கொடுத்தான். அவர் உட்கார்ந்தார்.

"மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். மஞ்ச டிரெஸ்ல இவங்க வந்தாங்க. ஒரு மோதிரத்த என் கையில வச்சு, 'லெம்னு ஒருத்தன் கடைசியா வருவான். குடுத்துடுங்க'ன்னாங்க."

"ரெண்டு மணிக்கா?" நான் எழுந்தே விட்டேன். "ரோவீனா, கொடி எறக்குற வரைக்கும்னு சொன்னியே!"

"வெயிலா இருந்துச்சு, லெம்."

ட்ராஸ்க் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான்.

"கப்பல் அசைஞ்சா கூடவே உருள்றதுக்கு இறங்குபாலத்தோட அடியில சக்கரம் இருக்கும்ல? அது அப்ப நகர்ந்து வந்து இவங்க ஷூவ முட்டுச்சு," என்றார் ஹாய்ட். "'கப்பல் நகருது'ன்னாங்க. 'மேடம், கட்டிப் போட்ட போர்க்கப்பல் நகராது'ன்னேன். நான் அப்பப் புதுசு. எனக்கு எல்லாம் தெரியும்னு நெனப்பு. இவங்க விடல. பையிலேர்ந்து லிப்ஸ்டிக்க எடுத்து, சக்கரத்துக்கு முன்னால தரையில ஒரு கோடு போட்டாங்க. 'இதத் தாண்டினா என்ன சொல்லுவ?'ன்னு கேட்டாங்க."

"தாண்டுச்சா?"

"தாண்டுச்சு. அல அடிச்சிருக்கும்னேன். இன்னொரு கோடு போட்டாங்க. அதுவும் போச்சு. தண்ணி வடியிற நேரம், இழுப்பு எதிர்ப்பக்கம். அத எதுத்து இது போகுது! எனக்கு பயம் வந்துதான் கீழ ஃபோன் பண்ணினேன். கையால சுத்துதுன்னு எவனோ கிண்டல் பண்ணான். நான் இவங்ககிட்ட வந்து, 'கீழயே சொல்லிட்டாங்க, ஒண்ணும் ஓடல, நீங்க வீட்டுக்குப் போங்க'ன்னேன். அவ்வளவுதான், இவங்க தரையிலயே உக்காந்துட்டாங்க. 'நீ ஒத்துக்காம நான் போகமாட்டேன்'னு சாயங்காலம் வரைக்கும்!"

எனக்கு மூளையில் பற்சக்கரம் மெதுவாகத் திரும்பியது.

"அப்ப... ஜெபம்?" என்றேன்.

"கோட்டப் பாத்துட்டிருந்தேன்," என்றாள் ரோவீனா தட்டைப் பார்த்துக்கொண்டே. "நீ வந்து பக்கத்துல மண்டி போட்டு, 'எனக்காகவா'ன்னு கண்ணு கலங்கிக் கேட்ட. நான் என்ன சொல்றது? ஆமான்னேன். அப்புறம் நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. பாதிரியார் வேற அழவச்சுட்டார். கப்பல் நகர்ந்துச்சுன்னு நான் எப்படி வாயத் திறக்கிறது?"

எனக்குக் கோபப்படுவதா குதிப்பதா என்று தெரியவில்லை. என்னை விட்டுவிட்டுப் போகக் கிளம்பியவள்! மோதிரத்தையே கழற்றிக் கொடுத்துவிட்டவள்! அவளைப் போகவிடாமல் அந்தத் துறைமுகத்தில் பிடித்து வைத்தது என் காதல் கடிதங்கள் இல்லை, ஏழு மாத ஏக்கம் இல்லை. என் வலது கையும் இடது கையும்தான். கீழே இருட்டில் நான் சுற்றச் சுற்ற, மேலே அவள் பஸ்ஸைத் தவறவிட்டுக்கொண்டிருந்தாள். யோசிக்க யோசிக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாதிரியாரின் பிரசங்கத்தைவிட இது எவ்வளவோ மேல்!

"அப்ப மோதிரம் எப்படித் திரும்ப வந்துச்சு?" என்று கேட்டான் ட்ராஸ்க்.

"இவர் இறங்குபாலத்துல எறங்கி வர்றத நான் பாத்தேன்," என்றார் ஹாய்ட். "ஓடிப்போய் இவங்க கையில திணிச்சுட்டேன். 'மேடம், உங்க கோடு ஜெயிச்சுடுச்சு, போங்க'ன்னேன்."

"அப்ப நீ ஒத்துக்கிட்ட," என்றாள் ரோவீனா, நாற்பது வருஷம் கழித்தும் விடாமல்.

"ஒத்துக்கிட்டேன், மேடம்."

எல்லோரும் இப்போது அவளைப் பார்த்தார்கள். ட்ராஸ்க் சுத்தியலை ஓங்கியபடி காத்திருந்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் வாழ்க்கையில் அது ரொம்ப அபூர்வம் என்று அவளுக்கே தெரியும்.

"மத்த மூணு மோட்டார்தான் தள்ளியிருக்கும்," என்றாள் கடைசி முயற்சியாக. பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. மோட்டார்னா ஒரே சீராப் போகும். இது விட்டு விட்டுப் போச்சு. கொஞ்ச நேரம் நகரும், நிக்கும், மறுபடி நகரும். யாரோ கை மாத்துற மாதிரி." நண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நகர்ந்துச்சு, லெம். போதுமா? கப்பல் நகர்ந்துச்சு. நீதான் தள்ளின. இப்ப சாப்பிடு."